ஒரே பருப்பு, ஒரே புளி, வேறு ரசம்

அடுத்தடுத்த இரண்டு வீடுகள். இரண்டுக்கும் ஒரே மளிகைக் கடை, ஒரே துவரம் பருப்பு, ஒரே புளி, தெருக்குழாயில் வருகிற ஒரே தண்ணீர். ஆனாலும் இரண்டு வீட்டு ரசமும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு வாய் வைத்ததுமே எது தங்கள் அம்மா வைத்தது என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அந்த அம்மாவிடம் கேட்டால், “எல்லாரும் வைக்கிற மாதிரிதான் வைக்கிறேன்” என்பார். உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார். புளி எவ்வளவு நேரம் ஊற வேண்டும், மிளகைப் பொடிப்பதா ஒன்றிரண்டாகத் தட்டுவதா, பச்சை வாசனை போய்விட்டதா, நுரை கூடி வரும்போதே இறக்குவதா, இன்னும் கொஞ்சம் விடுவதா என்று பத்துப் பதினைந்து சின்ன முடிவுகள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் பெரிதில்லை. அவற்றை ஒருவர் வருஷக்கணக்காக ஒரே விதமாக எடுத்துவரும்போது, அந்த மொத்தத்தைக் கைப்பக்குவம் என்கிறோம்.

புகைப்படத்தில் தனிப் பாணி உண்டாவதும் இதே வழியில்தான். கேமரா வாங்கி ஆறேழு மாதம் ஆனவர்கள் பலர் கேட்கும் கேள்வி, “என் பாணியை எப்படிக் கண்டுபிடிப்பது?” என்பது. அந்தக் கேள்வியில் இருக்கும் தவிப்பை மதிக்கிறேன். ஆயிரம் படங்களுக்கு நடுவே தன் படம் தனியாகத் தெரிய வேண்டும் என்பது நல்ல ஆசை. ஆனால் பாணி எங்கோ தயாராக இருக்கிறது, தேடிப் போனால் கிடைத்துவிடும் என்று நம்பிக் கிளம்புகிறவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளை வீணாக்கிவிடுகிறார்கள். வாரத்துக்கு ஒரு நிறம், மாதத்துக்கு ஒரு லென்ஸ் என்று அலைகிறார்கள். பாணி எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இந்த அலைச்சல் குறையும். அதை அடுப்படி வழியாகவே பார்த்துவிடலாம்.

உப்பு, தேவையான அளவு

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒருவர் மல்லிகைக் குவியலின் மேல் தண்ணீர் தெளிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூரை நிழல். ஐஎஸ்ஓ 400. எஃப் 5.6, ஒரு நொடியில் 250-ல் ஒரு பங்கு என்று கேமரா சொல்கிறது. அதே வெளிச்சத்தை எஃப் 2.8, 1/1000 நொடி என்றும் வாங்கலாம். எஃப் 16, 1/30 நொடி என்றும் வாங்கலாம். லென்ஸின் துளை எந்த அளவு சிறிதாகிறதோ அந்த அளவு ஷட்டர் அதிக நேரம் திறந்திருந்தால், சென்சாரில் விழும் மொத்த ஒளி மாறாது. கேமராவின் கணக்கில் மூன்றும் சமம்.

படத்தில் மூன்றும் சமம் இல்லை. எஃப் 2.8-ல் தண்ணீர்த் துளிகள் காற்றில் தனித்தனியாக நிற்கும். பின்னால் இருக்கும் கூட்டம் கரைந்துபோய், தெளிக்கிறவரும் தண்ணீரும் மட்டும் மிஞ்சுவார்கள். எஃப் 16-ல் தண்ணீர் கோடுகோடாக இழுபடும், வீசிய கை மங்கிப்போகும். ஆனால் பின்னால் இருக்கும் சாக்கு மூட்டை, தராசு, விலை பேசிக்கொண்டிருக்கும் இரண்டு பேர், சுவரில் ஒட்டிய சுவரொட்டி எல்லாம் தெளிவாக விழும். முதல் படம் ஒரு மனிதரைப் பற்றியது. இரண்டாவது ஒரு மார்க்கெட்டைப் பற்றியது. எதை எடுப்பது என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. சமையல் குறிப்பில் ‘உப்பு, தேவையான அளவு’ என்று எழுதியிருப்பார்களே, அந்த இடம் இது.

ஆட்டோவில் வைத்து எடுத்தால் இந்த முடிவைக் கேமரா எடுத்துவிடும். பெரும்பாலும் அது நடுவில் உள்ளதைத்தான் எடுக்கும், யாருக்கும் பாதகமில்லாத உப்பு. பாணி வேண்டும் என்பவர் முதலில் செய்ய வேண்டியது, ‘ஏ’ அல்லது ‘ஏவி’ என்று போட்டிருக்கும் இடத்துக்குக் கேமராவின் சக்கரத்தைத் திருப்பி, துளையின் அளவைத் தன் கையில் எடுத்துக்கொள்வது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் சிலருடைய படங்களில் முக்கால்வாசி எஃப் 2-க்கு அருகிலும், சிலருடையவை எஃப் 8-க்கு மேலும் இருக்கும். இவருக்கு ஆள் முக்கியம், அவருக்கு இடம் முக்கியம். பாணியின் முதல் அடையாளம் இப்படித்தான், உங்களைக் கேட்காமலேயே உங்கள் ஃபைல்களில் பதிந்து கிடக்கும்.

தீ

சமையலில் பாதி தீயில் இருக்கிறது. படத்தில் பாதிக்கு மேல் வெளிச்சத்தில் இருக்கிறது. புதியவர்கள் மிகக் குறைவாக யோசிப்பதும் இதைப் பற்றித்தான் என்பது என் எண்ணம்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட புத்தகங்கள் காலையும் மாலையும் கிடைக்கும் பொன்னிற நேரத்தைப் பற்றி நிறையச் சொல்லும். நம் ஊருக்கு அது அப்படியே பொருந்தாது. லண்டனில் சூரியன் சாய்வாக ஏறுகிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் அடிவானத்திலிருந்து 6 பாகை உயர அங்கே சுமார் 40 நிமிடம் ஆகும். 13 பாகை அட்சரேகையில் இருக்கும் சென்னையில் ஏறக்குறைய நேராக மேலே ஏறுவதால் 25 நிமிடம்தான். பல் துலக்கிக் காபி குடித்துவிட்டு வருவதற்குள் அந்த வெளிச்சம் போய்விடும். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் சென்னையில் உச்சிவேளைச் சூரியன் கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேலே நிற்கும். நிழல் காலுக்கடியில் ஒடுங்கிவிடும், கண்குழிகள் கறுத்துவிடும். ‘நடுவெயிலில் படம் எடுக்காதே’ என்ற விதியை இங்கே அப்படியே பின்பற்றினால் நாளின் பெரும்பகுதி கேமராவைப் பையில் வைத்திருக்க வேண்டியதுதான்.

நம்முடைய தீ வேறு. திண்ணை நிழலில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் தெருவில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் விழுகிறதே, அது எந்த ஸ்டூடியோ விளக்குக்கும் குறைந்ததில்லை. ஓட்டு வீட்டில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். அதன் வழியே இறங்கும் கற்றை, அடுப்புப் புகை இருந்தால் கண்ணால் பார்க்கும்படி நிற்கும். கோயில் பிராகாரத்தில் தூணுக்குத் தூண் வெளிச்சமும் இருட்டும் மாறிமாறி வரும். சந்தையில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தால் அதன் கீழே இருக்கும் முகம், தக்காளி, தராசு எல்லாம் நீலம் பூசிக்கொள்ளும். ஒருவர் அந்த நீலத்தை வீட்டுக்கு வந்து கணினியில் துடைத்தெடுப்பார். இன்னொருவருக்கு அந்த நீலம்தான் பிடித்துப்போய், தார்ப்பாய் கட்டிய கடைகளையே தேடித் தேடிப் போவார். இரண்டாமவரிடம் ஏதோ தொடங்கிவிட்டது.

கடும் வெயிலும் கெட்ட வெளிச்சம் இல்லை. கத்தரிக்காயைத் தீயில் வாட்டித் தோல் கருகினால்தான் கொத்சுக்கு ருசி. அதே தீய்ச்சல் பாலில் ஏறினால் கொட்டத்தான் வேண்டும். ஜப்பானின் டைடோ மோரியாமா, 1968-ல் தொடங்கிய ‘ப்ரொவோக்’ இதழின் குழுவில் சேர்ந்த காலம் தொட்டு, தூள்தூளாகப் பொரிந்த, கலங்கிய, குவியம் தப்பிய கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்துவந்தார். ஃபிலிம் கம்பெனிகளின் கையேடுகள் பிழை என்று சொன்ன அனைத்தும் அவர் படங்களில் உண்டு. போருக்குப் பிந்தைய ஜப்பானிய நகரத்தின் பதற்றத்தைச் சொல்ல அந்தத் தீய்ச்சல் அவருக்குத் தேவைப்பட்டது. அதைப் பார்த்துவிட்டு வளைகாப்புப் படத்தை அப்படி எடுத்தால், அது பாலைத் தீய்த்த கதையாகிவிடும்.

புதியவருக்கு நான் சொல்வது: ஒரு வெளிச்சத்தைத் தேர்ந்துகொண்டு சில மாதம் அதிலேயே இருங்கள். ஜன்னலோர வெளிச்சமோ, மழைக்கு முந்தைய சாம்பல் வெளிச்சமோ, இரவில் டீக்கடை ட்யூப்லைட்டோ, எதுவானாலும் சரி. ஒரே தீயில் பழகியவருக்குத்தான் அடுத்த தீ எங்கே மாறுபடுகிறது என்று தெரியும்.

பாத்திரம்

லென்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் மற்றவர்கள் இதைப் பற்றித்தான் அளவுக்கு மீறிப் பேசுகிறார்கள். முழுச் சட்ட (ஃபுல் ஃப்ரேம்) கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து நிற்கும் ஓர் ஆளை உச்சி முதல் பாதம் வரை எடுக்க, 35 மி.மீ. லென்ஸ் என்றால் நீங்கள் சுமார் 2 மீட்டர் தூரத்தில் நிற்க வேண்டும். 85 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட 5 மீட்டர். 200 மி.மீ. என்றால் 11 மீட்டர். 11 மீட்டரில் அவருக்கு நீங்கள் யாரோ. 2 மீட்டரில் பேசாமல் இருக்க முடியாது, பெயர் கேட்டாக வேண்டும், “எதுக்குத் தம்பி போட்டோ?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். லென்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது மனிதர்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் வாழப்போகிறோம் என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம். அது படத்தில் அப்படியே தெரியும்.

புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் வாழ்நாளில் பெரும்பகுதி 50 மி.மீ. ஒன்றையே வைத்துக்கொண்டார். சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தபடி ஒரு லட்சத்துக்கும் மேல் படம் எடுத்து, இறந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரியவந்த விவியன் மையர் பயன்படுத்திய ரோலிஃப்ளெக்ஸ் கேமராவை இடுப்பருகே பிடித்துக் குனிந்து பார்க்க வேண்டும். அதனால் அவர் படத்தில் வரும் மனிதர்கள் சற்றே ஓங்கி நிற்கிறார்கள், புகைப்படக்காரரின் முகத்தைக் கேமரா மறைப்பதில்லை. மண்சட்டியில் வைத்த மீன் குழம்பின் ருசியில் சட்டிக்கும் பங்கு உண்டு.

கையில் செல்போன் மட்டும் இருந்தால் அதுவே போதும். பெரும்பாலான போன்களின் முக்கிய லென்ஸ் 24 முதல் 26 மி.மீ.க்குச் சமம், நன்றாக நெருங்கிப் போக வைக்கும் பாத்திரம். விரலால் பெரிதாக்குவதை நிறுத்திவிட்டுக் காலால் நடங்கள். ஒரு சட்டியிலேயே ஒரு வருஷம் சமைத்தவருக்கு அது எங்கே அடிப்பிடிக்கும் என்று பார்க்காமலே தெரியும். அடுத்த லென்ஸ் வாங்குவது அதற்குப் பிறகு.

பக்கத்தில் நின்று கற்பது

யாரும் வெறும் கையோடு சமைக்கத் தொடங்குவதில்லை. அம்மாவோ ஆச்சியோ மாமியாரோ செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து, அதே மாதிரி செய்துதான் தொடங்குகிறோம். ‘பிறரைப் போல எடுத்தால் என் தனித்தன்மை போய்விடுமோ’ என்று பயப்படுகிற புதியவர்களுக்கு ஒருவருடைய கதையைச் சொல்ல வேண்டும்.

ஜெய்ப்பூரில் பிறந்த ரகுபீர் சிங், சிறு வயதிலேயே கார்த்தியே-பிரெஸ்ஸோனின் ஜெய்ப்பூர் படங்களைப் பார்த்தவர். 1960-களில் அந்த நகரத்துக்கு வந்த கார்த்தியே-பிரெஸ்ஸோன் தெருவில் வேலை செய்வதை நேரிலும் பார்த்தார். சட்டத்துக்குள் பல நிகழ்வுகளை ஒரே நொடியில் பொருத்துவது, ஓரங்கள்வரை படத்தை உயிரோடு வைத்திருப்பது ஆகியவற்றை அந்தக் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். ஓர் இடத்தில் மட்டும் பிரிந்தார். அக்காலத்தில் மதிப்புள்ள புகைப்படம் என்றால் கறுப்பு வெள்ளைதான். வண்ணம் விளம்பரத்துக்கும் சுற்றுலாப் புத்தகத்துக்கும் உரியது என்ற எண்ணம் உலகமெங்கும் இருந்தது. இந்தியாவை வண்ணத்தை நீக்கிவிட்டுப் பார்க்க முடியாது, இங்கே வண்ணம் வாழ்க்கைக்குள்ளேயே இருக்கிறது என்று வாதிட்டு, கோடாக்ரோம் ஸ்லைடு ஃபிலிமில் கங்கையையும் ராஜஸ்தானையும் கல்கத்தாவையும் பம்பாயையும் எடுத்தார். பிறகு அம்பாசிடர் காரின் கதவையும் ஜன்னலையும் கண்ணாடியையும் சட்டமாக்கி நாடெங்கும் எடுத்த படங்கள், 1999-ல் அவர் மறைந்த பின்பு 2002-ல் புத்தகமாக வந்தன. ஒரு காரின் ஜன்னலால் இந்தியத் தெருவை இத்தனை துண்டுகளாக்கிக் காட்டலாம் என்று அதற்கு முன் யாரும் இவ்வளவு விடாப்பிடியாகச் செய்து பார்க்கவில்லை.

முதலில் முழுதாகக் கற்றார். கற்றதில் தன் ஊர் வெளிச்சத்துக்கும் தன் கண்ணுக்கும் ஒவ்வாத ஒரு பொருளை மாற்றினார். மாமியார் குழம்பில் தேங்காயைக் குறைத்துக் கசகசாவைக் கூட்டுகிற மருமகள் செய்வதும் அதுவே. ஆகவே பிடித்த ஒருவரைத் தேர்ந்து, தாராளமாக அவரைப் போல எடுங்கள். எடுத்துக்கொண்டே வரும்போது எங்கே கை தயங்குகிறது என்று கவனியுங்கள். அவருக்கு இயல்பாக வந்து உங்களுக்கு வராத இடம் ஒன்று இருக்கும். பலர் அதைத் தங்கள் திறமைக் குறைவு என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அங்கேதான் நின்று பார்க்க வேண்டும்.

பொடி பாக்கெட்

கணினியிலும் போனிலும் ஒரே தட்டலில் படத்தின் நிறத்தை மாற்றும் ப்ரீசெட்டுகள் இன்று காசுக்கும் இலவசமாகவும் கிடைக்கின்றன. நிழலில் நீலப்பச்சையும் தோலில் ஆரஞ்சும் ஏற்றும் வகை நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. கடைப் பொடி போட்டு வைத்த சாம்பாரைச் சாப்பிட முடியாது என்று சொல்ல மாட்டேன். அவசரத்துக்கு உதவும். ஆனால் அந்தப் பொடியை வாங்கிய எல்லார் வீட்டிலும் சாம்பார் ஒரே வாசனை அடிக்கும். வேறொரு தேசத்து வெளிச்சத்துக்கும் வேறொரு தோல் நிறத்துக்கும் அரைத்த பொடியை நம் முகங்களில் தூவினால், மாநிறம் செங்கல் நிறமாகவோ சாம்பலாகவோ மாறிவிடுகிறது. இது எனக்கு வருத்தம் தரும் விஷயம். நம் தோல் நிறத்தை நாமே படத்தில் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

ப்ரீசெட்டை வாங்கியிருந்தால் அதைப் பிரித்துப் பாருங்கள். லைட்ரூம் போன்ற மென்பொருளில் எந்தெந்த அளவை எவ்வளவு நகர்த்தியிருக்கிறார்கள் என்று தெரியும். மிளகாய் எத்தனை, மல்லி எத்தனை என்று தெரிந்துகொண்டபின் உங்கள் வீட்டுக்கு ஏற்ப அரைக்கலாம்.

போன்களில் இன்னொரு சிக்கல். நீங்கள் ஒரு முறை அழுத்தினால் அது பல படங்களை எடுத்து ஒன்றாக்கி, நிழலைத் தூக்கி, வானத்தை அடக்கி, முகத்தைத் துலக்கித் தந்துவிடுகிறது. தாளித்தே பரிமாறுகிறது, கோடிக்கணக்கான பேருக்கும் ஒரே தாளிப்பு. இருட்டாக இருக்க வேண்டியதை இருட்டாக விடும் உரிமை உங்களுக்கு வேண்டும். திரையில் தொட்டு வெளிச்சத்தைக் கீழே இழுத்துவிட்டு எடுங்கள். போனில் ரா ஃபைல் எடுக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. அதில் தாளிப்பு உங்கள் பொறுப்பு.

தாளிப்பு காலத்தோடு மாறலாம். ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலா எழுவதை எடுத்த படத்தைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் பிரிண்ட் போட்டார். ஆரம்பப் பிரிண்டுகளில் வானம் வெளிறி, மேகம் தெரியும். பிந்தையவற்றில் வானம் அடர்கறுப்பு. நெகட்டிவ் ஒன்றே, கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அதனால், ஒரு பாணி பிடிபட்டதும் அதைப் பூட்டி வைக்க வேண்டும் என்றில்லை.

தினமும் வைக்கிற குழம்பு

எதை எடுப்பது? விருந்துச் சாப்பாட்டில் கைப்பக்குவம் தெரிவது குறைவு. முந்திரியும் நெய்யும் போட்டால் யார் செய்தாலும் நன்றாக இருக்கும். திருவிழாவும் மலைவாசஸ்தலமும் சூரிய அஸ்தமனமும் அந்த வகை. அன்றாடம் வைக்கிற குழம்பில்தான் கை தெரியும். நியூயார்க்கின் சால் லைட்டர் 1940-களின் இறுதியிலிருந்து வண்ணத்தில் எடுத்த படங்கள் பெரும்பாலும் தான் வசித்த பகுதியின் தெருக்களில் எடுத்தவை. ஆவி படிந்த கடைக் கண்ணாடி, மழையில் ஒரு சிவப்புக் குடை, பனிக்குள் மறையும் ஓர் ஆள். காலாவதியான ஃபிலிமைக்கூடப் பயன்படுத்தினார். ஓவியரின் கண்ணோடு, நகரத்தின் பெரும்பகுதியை மறைத்து ஒரு கீற்றை மட்டும் காட்டினார். அந்த வண்ணப் படங்கள் புத்தகமாக வந்தது 2006-ல், அவருக்கு 80 வயதைத் தாண்டிய பிறகு.

நம் ஊரில் மதுரையைச் சேர்ந்த எம். பழனிக்குமார் இருக்கிறார். கழிவகற்றும் தொழிலாளர்களின் வாழ்வையும் சாவையும் ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து எடுத்தவர். மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்த தன் அம்மாவையும் அதே அக்கறையோடு எடுத்தார். ‘பாரி’ இணைய ஆவணத்தின் புகைப்படக்காரரான இவருக்கு 2022-ல் தயானிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருது முதல் முறையாக வழங்கப்பட்டது. அவர் படங்களை நிறையப் பார்த்தவர்களுக்கு அந்த நெருக்கம் தெரியும். அது ஒரு லென்ஸ் தந்த நெருக்கம் மட்டும் இல்லை. உழைக்கும் உடம்பு எப்போது குனியும், எப்போது களைத்து உட்காரும் என்று வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவரின் நெருக்கம். உங்களுக்கும் அப்படி நன்றாகத் தெரிந்த ஓர் உலகம் இருக்கிறது. தறியோ, உப்பளமோ, ஐடி நிறுவனத்தின் இரவு ஷிப்டோ, ஆஸ்பத்திரி வராந்தாவோ. வெளியூர்க்காரர் அங்கே ஒரு நாள் வந்து எடுக்க முடியாததை நீங்கள் எடுக்கலாம்.

உப்புப் பார்ப்பது

இதுவரை சொன்னதைவிட இது முக்கியம். எடுப்பதில் பாணி உண்டாகிறது. ஆனால் அது உங்களுக்குத் தெரியவருவது தேர்ந்தெடுக்கும்போதுதான். வாயில் வைத்துப் பார்க்காமல் எத்தனை வருஷம் சமைத்தாலும் கை வராது. புதியவர்களில் பெரும்பாலோர் செய்யாமல் விடுவது இதைத்தான். எடுக்கிறார்கள், ஒன்றிரண்டை இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள், மீதி ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது.

சுவிட்சர்லாந்தில் பிறந்த ராபர்ட் ஃபிராங்க், கூகன்ஹைம் உதவித்தொகையோடு 1955-லும் 1956-லும் அமெரிக்காவைக் காரில் சுற்றினார். 767 ஃபிலிம் சுருள்கள், 27,000-க்கும் மேற்பட்ட படங்கள். அவற்றிலிருந்து சுமார் ஆயிரத்தைச் சிறு பிரிண்டுகளாகப் போட்டு, தன் வீட்டுச் சுவரிலும் தரையிலும் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நீக்கினார், மாற்றினார், மறுபடி நீக்கினார். மிஞ்சியவை 83. அதுதான் 1958-ல் பாரிஸிலும் 1959-ல் அமெரிக்காவிலும் வெளிவந்த ‘தி அமெரிக்கன்ஸ்’. ஏறத்தாழ 325 படத்துக்கு ஒன்று. கொடிகளும் ஜூக்பாக்ஸ்களும் கார்களும் அந்தப் புத்தகத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. சுவரில் பரப்பி வைத்துப் பார்த்திராவிட்டால் இவை இப்படி ஒன்றையொன்று கூப்பிட்டிருக்குமா? கலங்கல், இருட்டு, சாய்ந்த அடிவானம் என்று அன்றைய விமர்சகர்கள் குறை சொன்னார்கள். இன்று புகைப்படம் படிக்கும் எவரும் தாண்டிப் போக முடியாத புத்தகம் அது.

இதை உங்கள் வீட்டுக் கூடத்தில் செய்யலாம். கடந்த ஓராண்டில் எடுத்தவற்றிலிருந்து ஐம்பது படங்களை எடுங்கள். மற்றவர்கள் பாராட்டியவற்றை விட்டுவிட்டு, உங்கள் மனசுக்குள் திரும்பத் திரும்ப வருகிறவற்றை எடுங்கள். நாலுக்கு ஆறு அளவில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். திரையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பதும், ஐம்பதையும் ஒரே பார்வையில் பார்ப்பதும் வேறு. முதலில், நிகழ்ச்சியின் பலத்தாலேயே நன்றாக வந்தவற்றை ஒதுக்குங்கள். அங்கே யார் நின்றிருந்தாலும் அந்த யானையும் அந்த வாணவேடிக்கையும் விழுந்திருக்கும். மீதியில், எது திரும்ப வருகிறது என்று பாருங்கள். எவ்வளவு தூரம், எந்த உயரம், எந்த நேரத்து வெளிச்சம்? முகங்கள் அதிகமா, முதுகுகளா, கைகளா? ஆள் நடுவில் நிற்கிறாரா, ஓரத்திலா? வெற்றிடம் எவ்வளவு? எந்த நிறம்? படம் எடுத்தபோது நீங்கள் கவனிக்காத ஏதோ ஒன்று பத்துப் பதினைந்து படங்களில் இருக்கும். எல்லாப் படத்திலும் ஒரு வாசல் இருக்கலாம். எல்லாரும் காத்திருப்பவர்களாக இருக்கலாம். அதைப் படத்தின் பின்னால் பென்சிலால் எழுதுங்கள். அடுத்த மாதம் அதைத் தெரிந்தே தேடிப் போங்கள்.

சூடாக இருக்கும்போது உப்பு சரியாகத் தெரியாது. மீன் குழம்பு மறுநாள்தான் தன் ருசியைச் சொல்லும். அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட், எடுத்த ஃபிலிமைப் பல மாதங்கள், ஓராண்டுகூடக் கழுவாமல் கிடப்பில் போடுவார். எடுத்த நாளின் மகிழ்ச்சி தீர்ந்தபின் படத்தைப் படமாக மட்டும் பார்க்கலாம் என்பது அவர் எண்ணம். 1984-ல் அவர் இறந்தபோது சுமார் 2,500 சுருள்கள் கழுவப்படாமல் இருந்தன. அவ்வளவு தூரம் போக வேண்டாம். இரண்டு மூன்று மாதம் தள்ளி வைத்தால் போதும். பாதிப் படங்கள் தாமாகவே விலகிக்கொள்ளும்.

இன்னொரு நாக்கும் வேண்டும். பொய் சொல்லாத ஒருவரைக் கூப்பிட்டு, ஐம்பதில் இருபதை எடுக்கச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள், எதை விட்டார் என்று மட்டும் பாருங்கள். இந்த வேலைக்கு லைக் எண்ணிக்கை உதவாது. கட்டைவிரல் நகரும் வேகத்தில் பார்க்கும்போது காரம் மட்டும்தான் நாக்கில் உறைக்கும். பொறுத்து வருகிற புளிப்பும் துவர்ப்பும் தெரியாது.

கடைசியாக, இலை. எதற்குப் பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதும் சமையலின் பகுதி. தயானிதா சிங் தன் படங்களை இடம் மாற்றி அடுக்கக்கூடிய மரச் சட்டங்களில் வைத்து, அவற்றையே அருங்காட்சியகங்கள் என்று அழைத்தார். ஒரே படம் இன்று ஒன்றின் பக்கத்தில், நாளை வேறொன்றின் பக்கத்தில். 2022-ல் ஹாசல்பிளாட் விருது பெற்ற அவருடைய பாணியைத் தனிப் படங்களைவிட அந்த அடுக்கில்தான் அதிகம் காண்கிறேன். உங்கள் ஐம்பதில் மிஞ்சிய பத்தை வரிசைப்படுத்திப் பாருங்கள். இரண்டு படங்களை இடம் மாற்றினால் மொத்தமும் மாறும்.

பேட்டைக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ இன்னும் இருக்கிறது. பாஸ்போர்ட் படத்துக்கு மட்டும்தான் ஆள் வருகிறார்கள் என்று அங்கே சொல்வார்கள். இந்த மாதமே ஐம்பது படங்களை ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போய் அங்கே கொடுத்துவிட்டு வாருங்கள்.